முஸாஃபிரின் ஹக்கு: உலகம் சுற்றிய இப்னு பதூதா (ரஹ்) அவர்கள்

எல்லாப் புகழும் அகிலங்களின் அதிபதியாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர் அனைவர் மீதும் நின்று நிலவுவனவாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! ஸகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்பதைச் சூரத்துத் தவ்பா நமக்கு அறிவிக்கின்றது. அவ்வெட்டில் இறுதியாக இடம்பெற்றிருப்பவர் இப்னுஸ் ஸபீல், அதாவது வழிப்போக்கர். ஏழையை நாம் அறிவோம். அவர் நம் தெருவில் வசிக்கின்றார். கடனாளியை அறிவோம், அவர் நம் உறவினராக இருக்கின்றார். வழிப்போக்கரை மட்டும் நாம் அறியோம். அவர் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர் அல்லர். அவருக்காக ஜமாஅத்துக் கூட்டத்தில் எழுந்து பேச ஒருவரும் இலர். ஆகவே ஸகாத் பங்கிடும் வேளையில் பெரும்பாலும் மறக்கப்படுபவர் அவரே.

அந்த வழிப்போக்கரின் ஹக்கு எத்தகையது என்பதை விளக்க, ஆறரை நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த ஒரு பெரியாரின் வாழ்வை ஈண்டுச் சுருக்கமாகத் தருகின்றோம். உலகின் பெரும் பயணி என்று வரலாற்றுப் பாடநூல்கள் போற்றும் இப்னு பதூதா (ரஹ்) அவர்களே அப்பெரியார். அவர்கள் கண்ட நாடுகளைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். கையில் ஒன்றுமில்லாத நேரங்களில் அவர்களைத் தாங்கி நின்றவர்கள் யார் என்பதே நாம் இங்கு காண விழைவது.

தனியே புறப்பட்ட இளைஞர்

அபூ அப்துல்லாஹ் முஹம்மது என்னும் இயற்பெயருடைய இப்னு பதூதா (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 703, ரஜப் பிறை 17இல் (கி.பி. 1304) மொராக்கோ நாட்டின் தஞ்சா நகரில் பிறந்தார்கள். காழிகள் பலரைத் தந்த குடும்பம் அது. மாலிகீ மத்ஹபின் ஃபிக்ஹைக் கற்றுத் தேர்ந்த அவர்கள், ஹிஜ்ரி 725, ரஜப் பிறை 2இல் (14.6.1325) ஹஜ்ஜை நாடி வீட்டைவிட்டுப் புறப்பட்டார்கள். அப்போது வயது இருபத்தொன்று. தாயும் தந்தையும் உயிருடன் இருந்தனர். துணைக்கு ஒருவரும் இலர். சேர்ந்து செல்ல ஒரு பயணக் கூட்டமும் அமையவில்லை.

வழியில் பிஜாயா என்னும் ஊரில் கடும் காய்ச்சல் கண்டது. உடன் வந்தவர்கள், குணமாகும்வரை தங்கிவிடும்படி வற்புறுத்தினர். மரணம் விதிக்கப்பட்டிருப்பின் அது ஹிஜாஸை நோக்கிய பாதையிலேயே நிகழட்டும் என்று கூறி அவர்கள் மறுத்துவிட்டார்கள். அவ்வுறுதியைக் கண்ட பயணி ஒருவர், சுமையையும் வாகனப் பிராணியையும் விற்றுவிட்டு இலகுவாக வருமாறு யோசனை கூறி, வேறொரு வாகனமும் கூடாரமும் இரவலாக அளித்தார்.

அடுத்து குஸன்தீனா நகருக்கு வெளியே தங்கியிருந்த இரவில் பெருமழை பெய்தது. உடுத்தியிருந்த ஆடைகள் சேறும் சகதியுமாயின. மறுநாள் அந்நகரின் ஆளுநர் அதனைக் கண்டு, ஆடைகளைத் தம் வீட்டில் துவைக்கச் செய்தார். கந்தலாயிருந்த மேலாடைக்குப் பதிலாக பஅலபக் நகரத்து நல்ல துணியொன்றை அளித்தார். அதன் முனையில் இரண்டு பொற்காசுகள் முடிந்து வைக்கப்பட்டிருந்தன. தம் பயணத்தில் முதன்முதலாகக் கிடைத்த உதவி அதுவே என்று இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். கேளாமலே தந்ததும், பிறர் காணாதவாறு முடிச்சில் வைத்துத் தந்ததும் நாம் கவனிக்கத் தக்கன.

பின்னர் காய்ச்சல் மீண்டும் வாட்டியது. சேணத்திலிருந்து விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைக் கட்டிக்கொண்டே பயணம் செய்து துனிஸ் நகரை அடைந்தார்கள். ஊர் மக்கள் வந்தவர்களை எதிர்கொண்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஸலாம் கூறி வரவேற்றனர். இவர்களை அறிந்தவர் எவருமிலர். ஆதலால் ஸலாம் கூறுவாரும் இலர். அத்தனிமையைத் தாங்காது அவர்கள் அழுதார்கள். ஹஜ்ஜுப் பயணி ஒருவர் அதனைக் கண்டு, அருகில் வந்து ஸலாம் கூறி, நகருக்குள் நுழையும்வரை ஆறுதலாகப் பேசிக்கொண்டே வந்தார். அந்தப் பயணி பொருள் ஒன்றும் கொடுக்கவில்லை. ஆயினும் இரண்டு பொற்காசுகளைப் போலவே அந்த ஒரு ஸலாமும் முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர்கள் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை.

திமிஷ்க் நகரின் வக்ஃபுகள்

1326ஆம் ஆண்டு ரமளான் மாதத்தில் அவர்கள் திமிஷ்க் (டமாஸ்கஸ்) நகரை அடைந்தார்கள். அங்கு மாலிகீ மத்ஹபின் ஆசிரியராயிருந்த நூருத்தீன் ஸகாவீ (ரஹ்) அவர்கள், நோன்பு திறக்கத் தம் இல்லத்திற்கு வருமாறு அழைத்தார்கள். நான்கு இரவுகள் சென்ற இப்னு பதூதா (ரஹ்) அவர்களை மீண்டும் காய்ச்சல் பற்றியது. ஐந்தாம் நாள் அவர்களால் செல்ல இயலவில்லை. வராத விருந்தாளியை, வராததே நல்லது என்று விட்டுவிடும் வழக்கம் அந்த ஆலிமிடம் இல்லை. ஆளனுப்பி வரவழைத்து, தம் வீட்டிலேயே தங்கவைத்து, மருத்துவரைக் கொண்டு வைத்தியம் பார்த்தார்கள். பெருநாள் வரை அவ்வீட்டிலேயே அவர்கள் தங்கினார்கள். கைப்பணம் தீர்ந்துவிட்டது என்பதை அறிந்ததும், ஹஜ்ஜுக்குச் செல்ல ஒட்டகங்களை வாடகைக்கு அமர்த்திக் கொடுத்து, கட்டுச் சாதமும் வழிச்செலவுக்குப் பணமும் தந்தனுப்பினார்கள்.

தனிமனிதரின் தயாளம் ஒருபுறமிருக்க, அந்நகரின் ஏற்பாடுகளே வியக்கத் தக்கனவாயிருந்தன. ஹஜ் செய்ய இயலாதவருக்கு ஒரு வக்ஃபு. வசதியற்ற மணப்பெண்களுக்கு ஒரு வக்ஃபு. சிறைப்பட்டோரை மீட்க ஒரு வக்ஃபு. வழிப்போக்கருக்கு உணவும் உடையும் தந்து, ஊர் திரும்பச் செலவும் கொடுக்கத் தனியாக ஒரு வக்ஃபு. இவையன்றி மற்றொன்றும் இருந்தது. கடைவீதியில் ஒரு சிறுவன், தன் எஜமானரின் சீனப் பீங்கான் தட்டைக் கைதவறி உடைத்துவிட்டு நடுங்கி நின்றான். அங்கிருந்தவர்கள், உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திர வக்ஃபின் பொறுப்பாளரிடம் செல்லும்படி அவனுக்குக் கூறினர். துண்டுகளைக் காட்டியதும் புதுத்தட்டு வாங்குவதற்குரிய பணம் கிடைத்தது. ஏச்சுக்கும் அடிக்கும் அஞ்சும் ஓர் எளியவனின் உள்ளம் உடைந்துவிடலாகாது என்பதற்காகச் சொத்தெழுதி வைத்த ஒருவர் அந்நகரில் வாழ்ந்திருக்கின்றார்!

அகீ சகோதரர்கள்

ஹஜ்ஜை நிறைவேற்றிய பின்னும் பயணம் தொடர்ந்தது. இன்று துருக்கி என வழங்கும் அனத்தோலியாவில் அகீ என்னும் பெயருடைய கூட்டத்தாரை அவர்கள் கண்டார்கள். அந்தாலியா நகரில், நைந்த உடை அணிந்த ஒருவர் வந்து, இவர்களையும் உடனிருந்தோரையும் விருந்துக்கு அழைத்தார். இத்தனை பேருக்கு உணவளிக்க இவ்வேழையால் எங்ஙனம் இயலும் என்று அவர்கள் தயங்கினார்கள். அவரோ செருப்புத் தைக்கும் தொழிலாளி. கைவினைஞர் ஏறத்தாழ இருநூறு பேருக்குத் தலைவர். அவர்கள் பகலெல்லாம் உழைத்து ஈட்டியதை மாலையில் ஒன்றுசேர்த்து, பழமும் உணவும் வாங்கி, தம் தங்குமடத்திற்கு வரும் பயணிகளுக்குப் படைப்பர். பயணி எவரும் வராத நாளில் தாமே கூடி உண்பர்.

லாதிக் என்னும் ஊரில் நிகழ்ந்தது இதனினும் விந்தையானது. இவர்கள் ஊருக்குள் நுழைந்ததும் ஆட்கள் சிலர் ஓடிவந்து குதிரைகளின் கடிவாளத்தைப் பற்றினர். வேறு சிலர் வந்து அவர்களைத் தடுத்தனர். வாக்குவாதம் முற்றிக் கத்தியை உருவும் அளவிற்குச் சென்றது. மொழி தெரியாத பயணிகள், கொள்ளையரிடம் சிக்கிவிட்டோமென்று கலங்கினார்கள். பிறகுதான் விளங்கிற்று: இரு சாராரும் அகீகள், விருந்தினர் முதலில் தங்குவது யார் மடத்தில் என்பதே சண்டை! சீட்டுக் குலுக்கி அவ்வழக்குத் தீர்க்கப்பட்டது. விருந்தாளியைத் தவிர்க்கச் சண்டையிடும் உலகில், விருந்தாளிக்காகச் சண்டையிட்டவர்களும் இருந்தனர்.

ஏற்றமும் வீழ்ச்சியும்

1333ஆம் ஆண்டு ஹிந்துஸ்தானத்தின் எல்லையை அடைந்த அவர்கள், சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் டில்லியின் காழியாக நியமிக்கப்பட்டார்கள். செல்வமும் செல்வாக்கும் குவிந்தன. கையிருப்பை மிஞ்சிய செலவும் உடன் வந்தது; கடன் 55,000 தீனார் வரை ஏற, சுல்தானே அதனை அடைத்தார். இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் எப்போதும் ஏழையாய்த் திரிந்த ஃபகீர் அல்லர். அரசர்களின் கொடையைப் பெற்றவர்களே, வாழ்வில் பலமுறை ஒரே நாளில் அனைத்தையும் இழந்தார்கள்.

1342இல் சுல்தானின் தூதராகச் சீனாவுக்குப் புறப்பட்டபோது, இன்றைய அலிகர் நகரமாகிய கோயில் என்னும் ஊருக்கருகே கள்வர் சூழ்ந்துகொண்டு அனைத்தையும் பறித்தனர். உயிர் தப்பிய அவர்கள், கூட்டத்தினின்றும் பிரிந்து, காட்டுக் காய்களைத் தின்று எட்டு நாட்கள் அலைந்தார்கள். நடக்கவும் வலுவற்றுப் போன நிலையில், கையில் குவளையும் தடியும் கொண்ட கறுத்த மனிதர் ஒருவர் எதிர்ப்பட்டு ஸலாம் கூறினார். தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். தம்மிடமிருந்த வறுத்த கடலையும் அரிசியும் தந்தார். அவர்களால் நிற்கவும் இயலாமையைக் கண்டு தோளில் தூக்கிக்கொண்டார். திக்ரு ஒன்றை ஓதிக்கொண்டே வரும்படி கூறினார். ஓதியவாறே உறங்கிப்போன அவர்கள் கண்விழித்தபோது, மக்கள் வாழும் ஓர் ஊரில் தரையில் இறக்கப்பட்டிருந்தார்கள். தூக்கி வந்தவரைக் காணவில்லை. மகிழ்ந்த உள்ளம் எனப் பொருள்படும் பெயரை மட்டும் அவர் கூறியிருந்தார். நன்றி பெறுவதற்கும் நிற்கவில்லை.

நம் கடற்கரையோரம்

மலபாரை அடைந்த அவர்கள், அங்குள்ள நெடுஞ்சாலையின் ஏற்பாட்டைக் கண்டு மகிழ்ந்தார்கள். அரை மைலுக்கு ஒரு மரக்கூடம், அமர்வதற்குத் திண்ணைகள், அருகே கிணறு, தண்ணீர் வழங்க ஓர் ஆள். சாதி வழக்கம் காரணமாக முஸ்லிம்களுக்குப் பாத்திரத்தில் தராமல் கையில் ஊற்றினர் என்பது உண்மையே. ஆயினும் தண்ணீர் எவருக்கும் மறுக்கப்படவில்லை. நம் புதுவையின் பழைய வீடுகளில் தெருவோரம் அமைந்த திண்ணையும் தாழ்வாரமும் வழிநடப்போர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடம் தந்தன என்பதை முதியோர் அறிவர்.

கள்ளிக்கோட்டையில் சீனக் கப்பலில் பொருள்களை ஏற்றிவிட்டு, ஜும்ஆத் தொழுகைக்காக அவர்கள் கரையில் தங்கினார்கள். புயலில் பெருங்கப்பல் உடைந்தது. அவர்களின் உடைமைகள் இருந்த மற்றொரு கப்பல் நிற்காமல் சென்றுவிட்டது. எஞ்சியவை பத்து தீனாரும் படுக்கும் விரிப்பும் மட்டுமே. அந்நிலையிலும் கொல்லத்தில் ஷைகு ஃபக்ருத்தீன் அவர்களின் ஸாவியா தங்க இடமளித்தது. பிறகு மாலத்தீவுகளில் காழியாகப் பணியாற்றினார்கள்.

அங்கிருந்து மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கடற்கரையை நோக்கிப் புறப்பட்டபோது, காற்று அவர்களை இலங்கையின் புத்தளத்தில் சேர்த்தது. அந்நாட்டு மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி முஸ்லிம் அல்லர். அவரைக் குறித்து மாலுமிகளே அஞ்சினர். ஆனால் இவர்களை அவர் அருகமர்த்திக் கண்ணியப்படுத்தினார், முத்துக்களை அளித்தார், பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டுமென்ற ஆசையை அறிந்ததும், பல்லக்கும் சுமைதூக்குவோரும் வழிகாட்டிகளும் தந்தனுப்பினார். யோகியரும் பிராமணரும் அக்கூட்டத்தில் உடன் சென்றனர்.

பின்னர் மஅபர்க் கரையை நெருங்கியபோது கப்பல் ஆழமற்ற நீரில் தட்டி நின்றது. பெண்களையும் தோழர் இருவரையும் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, அவர்கள் இரவு முழுவதும் உடைந்த கப்பலின் பின்புறத்தில் கழித்தார்கள். விடிந்ததும் படகில் வந்து கரைசேர்த்தவர்கள், முஸ்லிம் அல்லாத அவ்வூர் மக்களே. மதுரை சுல்தானிடமிருந்து ஆள் வரும்வரை மூன்று நாட்கள் அவர்களே மீனும் பனம்பழமும் பனையின் இனிப்பும் தந்து போற்றினர். பனையை அறிந்த நம்மவருக்கு அவ்விருந்தின் சுவையை விளக்க வேண்டியதில்லை.

கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசல்

மதுரையில் அப்போது கொள்ளை நோய் பரவியிருந்தது. அவர்களையும் கொடிய காய்ச்சல் பற்றியது. புளியைக் கரைத்துக் குடித்துக் குணமடைந்தார்கள். பின்னர் கொல்லம் சென்று, அங்கிருந்து ஹொன்னாவரை நோக்கிக் கடல்வழி சென்றபோது, பன்னிரண்டு கப்பல்களில் வந்த கடற்கொள்ளையர் வளைத்துக்கொண்டனர். இலங்கை மன்னர் தந்த முத்தும் மணியும், நல்லோர் அளித்த ஆடைகளும், ஆலிம்களின் அடக்கத்தலங்களில் எழுதிச் சேர்த்த குறிப்புகளும் பறிபோயின. இடுப்பிலிருந்த கால்சட்டை ஒன்றே மிஞ்சியது.

டில்லி மாநகரில் காழியாய் இருந்தவர்கள், மாலத்தீவில் தீர்ப்பு வழங்கியவர்கள், மேலாடையுமின்றிக் கள்ளிக்கோட்டைக் கரையில் இறங்கினார்கள். எங்கு சென்றார்கள்? அரண்மனைக்குச் செல்லவில்லை. சந்தைக்குச் செல்லவில்லை. நேரே ஒரு பள்ளிவாசலுக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்த ஃபகீஹ் ஒருவர் ஆடையொன்றை அனுப்பினார். காழி தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் மற்றோர் ஆடையை அனுப்பினார்.

இந்நிகழ்ச்சியை அவர்கள் மிகச் சுருக்கமாகவே கூறிச் செல்கின்றார்கள், வியந்து பேசவில்லை. நம்மைப் பெரிதும் சிந்திக்க வைப்பது அதுவே. பள்ளிவாசலின் கதவு திறந்திருக்கும் என்பதிலோ, உள்ளிருப்போர் தம் கடமையைச் செய்வர் என்பதிலோ அவர்களுக்கு ஐயமே எழவில்லை. மொராக்கோ முதல் மலபார் வரை அந்த நம்பிக்கை ஒன்றே அவர்களின் கைப்பொருளாயிருந்தது.

அதன் பின்னும் வங்காளம், சுமத்ரா, சீனா என்று பயணம் நீண்டது. திரும்பும் வழியில் 1348இல் திமிஷ்க் நகரில், தந்தையார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே மறைந்த செய்தி கிட்டியது. தாயகத்தை நெருங்கியபோது, தாயார் கொள்ளை நோயால் மறைந்த செய்தி கிட்டியது. 1349இல் ஃபாஸ் நகரை அடைந்தார்கள். பின்னர் ஸ்பெயினின் கிரானடாவையும், ஆப்பிரிக்காவின் மாலி நாட்டையும் கண்டு வந்தார்கள். சுல்தானின் ஆணைப்படி அவர்கள் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் அறிஞர் எழுதிய பயண நூல் 1355இல் நிறைவுற்றது. அவர்கள் கடந்த தொலைவு ஏறத்தாழ 1,20,000 கிலோமீட்டர் என்று கணிப்பர். மொராக்கோவில் காழியாகப் பணியாற்றி, ஹிஜ்ரி 770ஐ (கி.பி. 1368-69) ஒட்டி இறையடி சேர்ந்தார்கள். அல்லாஹ் அன்னாருக்கு ரஹ்மத் செய்வானாக!

நமக்குரிய பாடம்

சொந்த ஊரில் செல்வராயினும், வழியில் கையறு நிலையில் நிற்பவர் ஸகாத் பெறலாம் என்பதில் ஹனஃபீ, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் இமாம்களும் ஒன்றுபடுகின்றனர். பாவமான காரியத்திற்குரிய பயணமாக இருத்தலாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிபந்தனை. ஊர் சேரத் தேவையான அளவே அவருக்குரியது. எனவே முஸாஃபிருக்கு நாம் தருவது அவருடைய ஹக்கு. அதனைப் பிச்சையாக எண்ணி முகம் சுளித்துக் கொடுப்பது, அவர் பொருளை அவரிடம் கொடுக்கும்போது அவமதிப்பதாகும்.

இக்காலத்தில் முஸாஃபிர் எங்கே இருக்கின்றார் என்று சிலர் வினவலாம். நம் நெல்லித்தோப்பை அடுத்தே பேருந்து நிலையம் உள்ளது. ஜிப்மர் மருத்துவமனைக்கு வெளியூர்களிலிருந்து நோயாளிகளும் அவர்தம் உறவினரும் நாள்தோறும் வருகின்றனர். வடமாநிலத் தொழிலாளர் மொழியறியாது இங்கு உழைக்கின்றனர். இவர்களில் ஒருவர் தம் கைப்பேசியைப் பறிகொடுத்தால் நிலை என்ன? பணம் அதில், பயணச்சீட்டு அதில், உறவினரின் எண்களும் அதில். கடற்கொள்ளையர் பன்னிரண்டு கப்பல்களில் வந்து செய்ததை, இன்று ஒரு திருடன் ஒரு நொடியில் செய்துவிடுகின்றான்.

ஏமாற்றுவோர் இல்லையா என்ற கேள்வி நியாயமானதே. பொய்யான காரணம் கூறிப் பணம் வாங்கிச் செல்வோர் உள்ளனர். பள்ளிவாசல்களில் திருட்டும் நடக்கின்றது. இஷாவுக்குப் பின் கதவைப் பூட்டும் நிர்வாகிகளை நாம் குறை கூறவில்லை. ஆனால் கதவைப் பூட்டும்போது, நள்ளிரவில் வருபவர் யாரை அழைப்பது என்பதை அக்கதவிலேயே எழுதி வைக்கலாம். பசித்தவருக்கு முதலில் உணவு தந்து, விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஊர் செல்லப் பணம் கேட்பவருக்குப் பயணச்சீட்டையே எடுத்துக் கொடுக்கலாம். ஏமாற்றுபவருக்கு அது பயன்படாது, உண்மையானவருக்கு அதுவே போதும். அவர் எந்தச் சமயத்தவர் என்று பார்த்து உணவையும் தண்ணீரையும் நிறுத்த வேண்டா. ஸகாத் நிதிக்கு ஃபிக்ஹின் வரையறை உண்டு. ஸதக்காவின் வாசல் அனைவருக்கும் விரிந்தது. இப்னு பதூதா (ரஹ்) அவர்களைக் கடலிலிருந்து கரைசேர்த்தவர்கள் அவர்களின் சமயத்தை ஆராய்ந்து பார்க்கவில்லை.

முஸாஃபிருக்கும் ஒழுக்கம் உண்டு. விருந்தோம்பல் மூன்று நாட்கள்; அதற்கு மேற்பட்டது ஸதக்கா என்றும், விருந்தளிப்பவருக்குச் சுமையாகும்வரை தங்குதல் ஆகாது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள்.

ஜமாஅத்தார்களே! ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கை நாம் ஒவ்வோர் ஆண்டும் நுணுகிப் பார்க்கின்றோம். வரும் ஆண்டின் கணக்கில், முஸாஃபிர் செலவு என்று தனியே ஒரு வரி இடம்பெற வேண்டுமென்பது எமது வேண்டுகோள். தொகை சிறிதாயினும் குறைவில்லை. குஸன்தீனாவில் முடிந்து வைக்கப்பட்டவை இரண்டே காசுகள். அவ்வரிக்கு நேரே பணத்தை எழுதுவது நிர்வாகத்தின் கையில் உள்ளது. தொழுகை முடிந்து வெளியேறும்போது, கடைசி வரிசையில் தனியே அமர்ந்திருக்கும் அறிமுகமில்லாத ஒருவருக்கு ஸலாம் கூறுவது நம் ஒவ்வொருவரின் கையிலும் உள்ளது.

பயணத்தில் இருப்போரின் துஆ ஏற்கப்படும் என்பது நபிமொழியின் கருத்து. அத்தகையோரின் துஆக்களில் நம் ஜமாஅத்தும் இடம்பெறும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.